லாபம் இருக்கு, பணம் எங்கே? பெருமாநல்லூர் பனியன் கம்பெனிகளின் கணக்கைப் படிப்பது எப்படி?

"பில்லு போட்டு மூணு மாசம் ஆச்சுங்க. கேட்டா, சரக்கு கப்பல் ஏறிருச்சு, பேமென்ட் வந்ததும் போட்டுடறோம்ங்கறாங்க."

பெருமாநல்லூர் நால்ரோட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்த மாதிரி ஒரு பேச்சு காதில் விழும். சேலம் - கொச்சி தேசிய நெடுஞ்சாலையும் திருப்பூர் - கோபி சாலையும் வெட்டிக்கொள்ளும் ஊர் இது. பக்கத்தில் எட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி அப்பேரல் பார்க். சுற்றிலும் பவர் டேபிள், செக்கிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என ஜாப் ஒர்க் யூனிட்கள். பெரிய கம்பெனியிடம் இருந்து வேலை வாங்கி, முடித்துக் கொடுத்து, பில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள்.

2025-ல் அந்தக் காத்திருப்பில் ஒரு பயமும் சேர்ந்தது. அடுத்த ஆர்டரையும் கடனுக்கே செய்து கொடுக்கலாமா, இல்லை பழைய பாக்கி வந்த பிறகுதான் மெஷினை ஓட்டுவோம் என்று நிற்கலாமா? நின்றால் வேலை போய்விடும். நிற்காவிட்டால் பணமே போய்விடலாம்.

"அந்த கம்பெனி நல்லா ஓடுதுங்க, போன வருஷம் லாபம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். ஆனால் பனியன் தொழிலில் கம்பெனியைச் சாய்ப்பது பெரும்பாலும் நஷ்டம் அல்ல. லாபம் காட்டிக்கொண்டே கையில் பணம் தீர்ந்து போவதுதான். அதை முன்கூட்டியே காட்டும் சில எண்கள் பேலன்ஸ் ஷீட்டிலேயே இருக்கின்றன.

ஏன் இந்தப் பேச்சு?

2025 ஆகஸ்ட் 7-ம் தேதி இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 25% கூடுதல் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25%. ஆக 50%. இது ஏற்கெனவே இருந்த வரிக்கு மேல் வந்தது. காட்டன் டி-ஷர்ட்டுக்கு அங்கே பழைய வரியே 16.5%. கூட்டினால் அப்போது 66.5%.

அப்போது போட்டியாளர்களின் நிலை என்ன? 2025 ஆகஸ்டில் பங்களாதேஷ், வியட்நாம், இலங்கைக்குக் கூடுதல் வரி 20%. பாகிஸ்தானுக்கு 19%. ஒரே மாதிரி டி-ஷர்ட்டை வாங்கும் அமெரிக்க பையர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

திருப்பூர் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11% வரியை மத்திய அரசு 2025 டிசம்பர் 31 வரை நீக்கியது. 2025 ஜூலை 24-ல் பிரிட்டனுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. இவை எல்லாம் நல்லதுதான், ஆனால் அடுத்த மாதம் கட்ட வேண்டிய தவணைக்கு உதவாது.

ஒரு கற்பனை கம்பெனி, அதன் நிஜமான பிரச்னை

விகிதங்களைப் பாடப்புத்தகம் மாதிரி வரிசையாகச் சொன்னால் யாருக்கும் மண்டையில் ஏறாது. அதனால் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். கணக்குப் புரிவதற்காக நாமே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை.

ஆண்டு விற்பனை 20 கோடி ரூபாய். நூல், சாயம், தையல் கூலி என உற்பத்திச் செலவு 17.5 கோடி. ஆபீஸ், போக்குவரத்து மாதிரி மற்ற செலவு 1.1 கோடி. மிச்சம் 1.4 கோடி. இதில் மெஷின் தேய்மானம் 30 லட்சம், வட்டி 50 லட்சம், வருமான வரி 15 லட்சம் போனால் கையில் நிகர லாபம் 45 லட்சம்.

100 ரூபாய்க்கு விற்றால் 2 ரூபாய் 25 காசு. இதுதான் நிகர லாப விகிதம். குறைவாகத் தெரிந்தாலும் லாபம்தான், ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார், கோயில் நன்கொடை ரசீதில் ஓனர் பெயர் பெரிதாகவே வரும்.

இப்போது பேலன்ஸ் ஷீட் பக்கம் போகலாம். மார்ச் 31 அன்று குடோனில் நூல், துணி, பாதி தைத்தது, முழுசாகத் தைத்தது எல்லாம் சேர்த்து 3.6 கோடி. பையர்களிடம் வர வேண்டியது 5 கோடி. வங்கி இருப்பு, ஜிஎஸ்டி ரீஃபண்ட், டிராபேக் பாக்கி என 90 லட்சம். மறுபக்கம், வங்கியில் பேக்கிங் கிரெடிட் 4.5 கோடி. நூல்காரர், சாயப்பட்டறை, ஜாப் ஒர்க்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியது 2.3 கோடி. மெஷின் லோனில் ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டிய தவணை 40 லட்சம்.

இந்த எண்களை நாட்களாக மாற்றினால்தான் விஷயம் புரியும்.

சரக்கு 3.6 கோடி. அதை உற்பத்திச் செலவால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 75 நாள். அதாவது வாங்கிய நூல் பீஸாகி வெளியே போக 75 நாள் ஆகிறது. பையர் பாக்கி 5 கோடியை 20 கோடி விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 91 நாள். சரக்குப் போன பிறகு பணம் வர எடுக்கிற காலம். இரண்டையும் கூட்டினால் 166 நாள்.

அதாவது நூலுக்குப் போட்ட ஒரு ரூபாய், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், தூத்துக்குடி துறைமுகம், கடல், பையர் குடோன் என்று சுற்றிவிட்டுத் திரும்பி வர ஐந்தரை மாதம்.

இந்தப் பக்கம், கம்பெனி மற்றவர்களுக்குப் பணம் கொடுக்க எடுத்துக்கொள்கிற காலம்? வருடத்துக்கு 14 கோடிக்குக் கொள்முதலும் ஜாப் ஒர்க்கும் என்றால், 2.3 கோடி பாக்கி என்பது 60 நாள். 166-ல் 60 போனால் 106. இந்த 106 நாளுக்கு யாராவது பணம் போட்டாக வேண்டும். வங்கி கொஞ்சம், ஓனர் கொஞ்சம்.

இந்த 106 தான் கம்பெனியின் நாடித்துடிப்பு. லாப விகிதத்தை விட இதைத்தான் முதலில் பார்க்கணும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

காரணம் எளிது. சரக்கும் பையர் பாக்கியும் 8.6 கோடி, அதில் கொடுக்க வேண்டியது 2.3 கோடி போக, சுழற்சியில் மாட்டிக்கொண்டிருப்பது 6.3 கோடி. நாளைக்கே ஒரு பெரிய பையர் வந்து ஆர்டரை இரண்டு மடங்காக்குகிறார் என்று வையுங்கள். ஊரே பாராட்டும். ஆனால் மாட்டிக்கொள்ளும் பணமும் இரண்டு மடங்காகும். இன்னும் 6.3 கோடி வேண்டும். கம்பெனியின் வருஷ லாபமோ 45 லட்சம். 14 வருஷ லாபத்தை ஒரே சீசனில் கொண்டு வந்து போட வேண்டும். "ஆர்டர் எடுத்தே கெட்டான்" என்று சிலரைப் பற்றிச் சொல்வார்களே, அது இதுதான்.

வங்கி பார்க்கும் 1.33

வங்கி மேனேஜர் முதலில் கேட்பது கரன்ட் ரேஷியோ. ஒரு வருஷத்துக்குள் பணமாகக்கூடிய சொத்தை, ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டிய கடனால் வகுப்பது. நம் கம்பெனிக்கு 9.5 கோடி வகுத்தல் 7.2 கோடி, அதாவது 1.32.

1970-களின் நடுவில் டாண்டன் கமிட்டி கொடுத்த கடன் முறையில் இருந்து வந்தது 1.33 என்ற அளவுகோல். ஐம்பது வருஷமாகியும் இன்னும் பல வங்கிக் கிளைகளில் மனப்பாடமாக இருக்கிறது. நம் கம்பெனி கிட்டத்தட்ட பாஸ்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாறலாம். மார்ச் கடைசி வாரத்தில் பையர்களை விரட்டிப் பிடித்து 2 கோடி வசூல் செய்து, அதை அப்படியே பேக்கிங் கிரெடிட்டில் கட்டினால் என்ன ஆகும்? மேலே 7.5, கீழே 5.2. விகிதம் 1.44. கம்பெனியின் நிலை ஒரு இஞ்ச் கூட மாறவில்லை, ஏப்ரல் முதல் வாரம் அதே பணத்தைத் திரும்ப எடுக்கப் போகிறார்கள். ஆனால் அறிக்கையில் 1.44 என்று நிற்கும். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. பேலன்ஸ் ஷீட் என்பது ஒரு நாள் எடுத்த போட்டோ, போட்டோவுக்கு எல்லாரும் தலை சீவிக்கொண்டுதான் நிற்பார்கள்.

இன்னொரு ஓட்டை ஸ்டாக். அந்த 3.6 கோடியில் கேன்சல் ஆன ஆர்டரின் பீஸ் 60 லட்சத்துக்கு இருக்கிறது என்று வையுங்கள். பையர் லேபிள் போட்டு, அவர் சொன்ன கலரில், அவர் ஊர் சைஸில் தைத்தது. வேறு யாருக்கும் விற்க முடியாது. கடைசியில் லேபிளை வெட்டிவிட்டு காதர்பேட்டையில் ஸ்டாக் லாட்டாகத் தள்ள வேண்டியதுதான். அங்கே கிடைப்பது 20 லட்சம் என்றால் 40 லட்சம் காணாமல் போனது. கிட்டத்தட்ட ஒரு வருஷ லாபம். அதனால்தான் சரக்கை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடும் குவிக் ரேஷியோவையும் பார்க்கச் சொல்வார்கள். நம் கம்பெனிக்கு அது 0.82. ஒரு ரூபாய் கடனுக்கு 82 காசுதான் சீக்கிரம் கிடைக்கும்.

ஸ்டாக் நாட்கள் திடீரென்று கூடினால், விற்காத பீஸ் எங்கேயோ தேங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். விலை ஏறும் என்று நூலை வாங்கி அடுக்கியிருக்கவும் கூடும். 2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையைக் கண்டித்து மே 16, 17 இரண்டு நாள் திருப்பூரே கதவடைத்தது. அதற்கு முன்பே நூல் வாங்கி வைத்தவர்களுக்கு அந்த வருஷம் லாப விகிதம் அழகாக வந்திருக்கும். அது தைத்து வந்த லாபம் இல்லை, குடோனில் படுத்திருந்ததால் வந்த லாபம். அடுத்த வருஷம் அது வராது.

ஒரு மெயில் வந்தால் என்ன ஆகும்?

இப்போது வரி விஷயத்துக்கு வருவோம். நம் கம்பெனியின் 20 கோடியில் 8 கோடி அமெரிக்க ஆர்டர். பையரிடம் இருந்து ஒரு மெயில்: "வரியில் எங்களால் முழுசாகத் தாங்க முடியாது, விலையில் 5% குறையுங்கள், பணம் கட்ட இன்னும் 30 நாள் கொடுங்கள்."

5% என்பது சின்ன எண். 8 கோடியில் 40 லட்சம். ஆனால் அது எங்கிருந்து போகும்? நூல்காரர் குறைக்க மாட்டார், டெய்லர் கூலி குறையாது. நேராக 1.4 கோடியில் இருந்து போகும். வரிக்கு முந்தைய லாபம் 60 லட்சமாக இருந்தது 20 லட்சம் ஆகிவிடும்.

இதன் பாதிப்பைச் சரியாகக் காட்டும் விகிதம் டி.எஸ்.சி.ஆர். கடன் தவணையும் வட்டியும் கட்டும் சக்தி. நிகர லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டி, வட்டியும் அசல் தவணையும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பழைய நிலையில் 45 + 30 + 50 = 125 லட்சம். கட்ட வேண்டியது 50 + 40 = 90 லட்சம். விகிதம் 1.39. பரவாயில்லை.

மெயிலுக்குப் பிறகு நிகர லாபம் 15 லட்சம். 15 + 30 + 50 = 95 லட்சம். விகிதம் 1.06. ஒரு மெஷின் ரிப்பேரானாலும், ஒரு கன்டெய்னர் லேட்டாகி ஏர் ஃபிரைட்டில் அனுப்ப வேண்டி வந்தாலும் போச்சு. பையர் 5-க்குப் பதில் 7% கேட்டிருந்தால்? கணக்குப் போட்டால் 0.92. ஒன்றுக்குக் கீழே போனால் தவணை கட்ட வேறு கடன் வாங்க வேண்டும்.

கவனியுங்கள், 7% குறைத்தாலும் கம்பெனி இன்னும் "லாபத்தில்" தான் இருக்கிறது. 3 லட்சம் லாபம்.

தவணை தள்ளிப்போனால் வங்கி முதல் நாளிலிருந்தே எண்ண ஆரம்பிக்கும். 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. 0, 60 வரை எஸ்.எம்.ஏ. 1, 90 வரை எஸ்.எம்.ஏ. 2, அதற்கு மேல் வாராக்கடன். அந்த முத்திரை குத்தப்பட்ட பிறகு புது பேக்கிங் கிரெடிட் கிடைப்பது குதிரைக்கொம்பு. பேக்கிங் கிரெடிட் இல்லாமல் நூல் வாங்க முடியாது, நூல் இல்லாமல் ஆர்டர் இல்லை.

30 நாள் அவகாசத்துக்கு யார் பணம் போடுகிறார்கள்?

மெயிலின் இரண்டாவது பாதியை மறந்துவிட வேண்டாம். 8 கோடி வியாபாரத்தில் 30 நாள் தள்ளிக் கட்டுவது என்றால் சுமார் 66 லட்சம் கூடுதலாக மாட்டிக்கொள்ளும். வங்கி லிமிட் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அப்போ?

ஜாப் ஒர்க்காரருக்கும் நூல்காரருக்கும் கொடுக்கிறதைத் தள்ளிப் போடுவார்கள். பாக்கி 2.3 கோடியில் இருந்து 2.96 கோடி ஆகும். 60 நாள் 77 நாளாக நீளும். அமெரிக்காவில் இருக்கும் பெரிய கடைக்கு, பெருமாநல்லூரில் பத்து மெஷின் வைத்திருப்பவர் வட்டி இல்லாமல் கடன் கொடுக்கிறார். அவருக்கே அது தெரியாது.

இதனால்தான், ஜாப் ஒர்க் எடுக்கிறவர் ஒரு கம்பெனியில் பார்க்க வேண்டிய முதல் எண் அது கடன்காரர்களுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறது என்பதுதான். மூன்று வருஷத்துக்கு வரிசையாகப் பாருங்கள். 45, 58, 77 என்று ஏறிக்கொண்டே போனால், ஓனர் புது கார் வாங்கியிருந்தாலும் சரி, உள்ளே மூச்சு முட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2025 ஆகஸ்டில் பேங்க் ரேட் 5.75% ஆக இருந்தது. மூன்று மடங்கு 17.25%. பேப்பரில் பயங்கரமான சட்டம். ஆனால் பையர் மேல் கேஸ் போட்டுவிட்டு அதே ஏரியாவில் அடுத்த ஆர்டர் வாங்க முடியுமா என்பது வேறு கேள்வி.

அதைவிட வேலை செய்வது 1961-ம் ஆண்டு வருமான வரி சட்டத்தில் 43பி(எச்) பிரிவாக வந்த விதி. கெடுவைத் தாண்டிய பாக்கி நிதியாண்டு முடிவில் நின்றால் அந்தத் தொகையை அந்த வருஷம் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த வருஷத்தில்தான் காட்டலாம். நம் கம்பெனியில் அப்படி 80 லட்சம் நின்றால், 60 லட்சம் லாபத்துக்குப் பதில் 1.4 கோடிக்கு வரி கட்ட வேண்டும். 25% என்று எடுத்தால் 15 லட்சம் வரி 35 லட்சமாகும். சிறு யூனிட்களுக்குப் பாதுகாப்பு என்று வந்த விதிதான். ஆனால் உத்யம் பதிவு வைத்திருந்தால் ஆர்டரே கிடைக்காதோ என்ற பயமும் இது வந்தபோது கூடவே வந்தது. நடுத்தர நிறுவனங்களுக்கும், வாங்கி விற்கும் டிரேடர்களுக்கும் இது பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விகிதங்கள் சொல்லாத ஆபத்து

இத்தனை கணக்குப் போட்ட பிறகும் தப்பிப் போகிற விஷயங்கள் உண்டு. திருப்பூருக்கு அந்த அனுபவம் நிறைய.

2007, 2008-ல் டாலர் 39 ரூபாய் வரை இறங்கியது. ஏற்றுமதியாளர்கள் தவித்த நேரம். அப்போது வங்கிகள் விற்ற வெளிநாட்டுக் கரன்சி டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களைத் திருப்பூரில் பலர் வாங்கினார்கள். தங்கள் வியாபாரத்தில் இல்லாத சுவிஸ் ஃபிராங்க், யென் ஆகியவற்றின் மீது கட்டிய பந்தயம் மாதிரி இருந்தவை அவற்றில் சில. கணிப்புத் தவறியதும் பெரும் நஷ்டம், வங்கிகளோடு வழக்கு. அந்த ஆபத்து பேலன்ஸ் ஷீட்டின் முகப்பில் இல்லை. கரன்ட் ரேஷியோ நன்றாகவே இருந்திருக்கும்.

2011 ஜனவரி 28. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயம் போட ஆளில்லாமல் துணியை வெளியூருக்கு அனுப்பினார்கள். முந்தைய மார்ச் 31 கணக்கில் எந்த விகிதத்தைப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

2025-ல் வந்த அமெரிக்க வரிக்கும் அதேதான். ஒரே நாட்டுக்கு, ஒரே பையருக்கு 80% சரக்கு அனுப்பும் கம்பெனிக்கும், ஐரோப்பா, பிரிட்டன், உள்நாடு என்று பிரித்து வைத்திருக்கும் கம்பெனிக்கும் 2025 மார்ச் 31-ல் ஒரே டி.எஸ்.சி.ஆர். இருந்திருக்கலாம். செப்டம்பரில் இருந்திருக்காது. அதனால் விகிதத்தோடு சேர்த்து "சரக்கு எங்கே போகுது?" என்ற ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். அதற்கு ஃபார்முலா கிடையாது.

யாரோடு ஒப்பிடுவது என்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். கோவையின் கே.பி.ஆர். மில் 2023-24-ல் சுமார் 6,000 கோடி ரூபாய் வருமானத்தில் சுமார் 800 கோடி லாபம் காட்டியது. 100-க்கு 13. நம் கற்பனை கம்பெனியின் 2.25-ஐ அதோடு வைத்துப் பார்த்து மனசு உடையக் கூடாது. அவர்கள் நூல் முதல் ஆடை வரை தாங்களே செய்கிறார்கள், சர்க்கரை, எத்தனால் தொழிலும் உண்டு. சும்மா தைத்து அனுப்புகிறவரின் விகிதம் அப்படி இருக்காது. இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, இந்த எண்கள் எங்கே கிடைக்கும்?

பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிசல்ட் வெளியாகும். பக்கத்து அவிநாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸ் 2016-ல் சந்தைக்கு வந்தது, அதன் கணக்கை இலவசமாகப் படிக்கலாம்.

பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டணத்தில் அந்த கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். அங்கே முக்கியமான ஒரு வசதி இருக்கிறது. 2021 மார்ச்சில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கம்பெனிகள் 11 விகிதங்களைத் தாங்களே கணக்குப் போட்டு நிதி அறிக்கையின் குறிப்புகளில் கொடுக்க வேண்டும். கரன்ட் ரேஷியோ, கடன் - பங்கு மூலதன விகிதம், டி.எஸ்.சி.ஆர்., சரக்குச் சுழற்சி, பாக்கி வசூல் சுழற்சி, கடன்காரருக்குக் கொடுக்கும் சுழற்சி, லாப விகிதம் எல்லாம் அதில் அடக்கம். போன வருஷத்தை விட 25%-க்கு மேல் மாறினால் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணக் கட்டத்தை விடாமல் படியுங்கள். "வியாபாரம் கூடியதால்" என்று ஒரே வரியை எல்லாக் கட்டத்திலும் ஒட்டியிருந்தால், ஆடிட்டருக்கே சொல்ல ஒன்றுமில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

அதே குறிப்புகளில் கொடுக்க வேண்டிய பாக்கியின் வயது அட்டவணையும் இருக்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கி தனியாக, ஒரு வருஷத்துக்குள், இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று பிரித்து. உங்களைப் போன்ற ஒருவருக்கு இரண்டு வருஷமாகப் பணம் நிற்கிறது என்றால் அந்தக் கட்டத்தில் தெரியும்.

வங்கிக் கடன் கொஞ்சம் பெரிதாக வாங்கிய கம்பெனிகளுக்கு கிரிசில், இக்ரா, கேர் மாதிரி நிறுவனங்கள் ரேட்டிங் கொடுக்கும். அதன் விளக்கம் அவர்கள் தளத்தில் இலவசம். பிபிபி மைனஸுக்குக் கீழே போனால் ரிஸ்க் கூடுதல். "தகவல் தர ஒத்துழைக்கவில்லை" என்ற குறிப்பு இருந்தால், எழுத்தை விட அந்தக் குறிப்புதான் முக்கியமான செய்தி.

ஆனால் திருப்பூரில் பாதி வியாபாரம் பார்ட்னர்ஷிப், தனிநபர் நிறுவனங்கள். அவர்கள் எந்த இணையதளத்திலும் பேலன்ஸ் ஷீட் போட மாட்டார்கள். அங்கே விகிதம் கிடைக்காது, தடயம் கிடைக்கும். பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால், மாதாமாதம் ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்று வரும். எப்போதும் 20-ம் தேதிக்குள் போட்டவர்கள் ரெண்டு மாதமாக இழுத்தால், வரி கட்டவே கையில் பணமில்லை என்று யோசிக்கலாம்.

தொழிலாளர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு பி.எஃப். என்றைக்குக் கட்டினார்கள் என்ற பட்டியல் யாருக்கும் தெரியும்படி இருக்கும். லாக்-இன் தேவையில்லை. சம்பளத்தில் பிடித்த பணம் மூன்று மாதமாகக் கட்டப்படவில்லை என்றால், வங்கி மேனேஜருக்குத் தெரிவதற்கு முன்பே செக்கிங் டேபிளில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். ஆள் எண்ணிக்கை 140-ல் இருந்து 90 ஆகியிருந்தால் அதுவும் அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.